சோங்கும் பிடியும்: ஒரு பொய் வினா

அமெரிக்க ஐக்கிய நாடுகளில் வீட்டுக் காவலுக்கெனச் சொட்கன் வாங்கப் புகும் ஒருவனை எதிர்நோக்கும் வினாக்களுள் ஒன்று, அதற்குத் தோளில் அணைக்கும் சோங்கு வேண்டுமா, கைக்குள் அடங்கும் குறும்பிடி போதுமா என்பதாகும். இது வெறும் தொழில்நுட்ப வினா, இதில் அரசியல் ஏது, வர்க்கம் ஏது என்று கேட்போர் உளர். தொழில்நுட்பத்தின் மறைவில் ஒதுங்கி நிற்கும் அரசியலே மிகுந்த ஆபத்தானது என்பது எமது கருத்து. ஆதலின் அவ்வினாவை முதலில் அதன் களத்திலேயே எதிர்கொள்வோம்.

12 போர் சொட்கனின் பின்னுதைப்புக் கடுமையானது. சோங்கு அவ்வுதைப்பைத் தோள்வழி உடல் முழுவதற்கும் பகிர்ந்தளிக்கிறது. கன்னம் சோங்கிற் பதிவதால் கண் குழலின் நேர்கோட்டில் நிற்கிறது. குறும்பிடியிலோ உதைப்பைக் கையும் மணிக்கட்டுமே தாங்கவேண்டும். அதனை இடுப்பளவிற் பிடித்துச் சுடுபவன் குறிபார்ப்பதில்லை, ஊகிக்கிறான். சன்னங்கள் அகலப் பரவுமாதலால் குறியே வேண்டியதில்லை என்பது திரைப்படங்கள் வளர்த்த மூடநம்பிக்கை. ஓர் அறையின் தூரத்தில் அவை உள்ளங்கையளவுக்கு மேல் விரிவது அரிது. பொதுவாக விசையிலிருந்து சோங்கின் அடிவரை 14 அங்குலமளவில் அமையும் நீளம் சிற்றுருவினருக்கு மிகுதியாகலாம். அவர்க்குக் குறுகிய சோங்கு பொருந்தும். தொழில்நுட்பம் இவ்வளவே. வினாவுக்கு விடை கிடைத்துவிட்டது: சோங்கே வேண்டும்.

விடை இத்துணை எளிதெனின், குறும்பிடி விற்பனையாவது எங்ஙனம்? இங்கேதான் சந்தை தன் முகத்தைக் காட்டுகிறது. 1934 ஆம் ஆண்டின் சமஷ்டிச் சட்டம், 18 அங்குலத்திற் குறைந்த குழலுடைய சொட்கனைப் பதிவுக்கும் 200 டொலர் வரிக்கும் உட்படுத்தியது. ஆனால் தோளிலிருந்து சுடுவதற்கென அமைக்கப்பட்டதே சொட்கன் என்பது அச்சட்டத்தின் வரைவிலக்கணம். 2017 இல் மொஸ்பேர்க் கம்பனி 'ஷொக்வேவ்' என்னும் துவக்கைச் சந்தைக்கு விட்டது. அதன் குழல் 14 அங்குலத்துக்குச் சற்று மேல்; முழு நீளம் 26 அங்குலத்துக்குச் சற்று மேல். தொழிற்சாலையிலேயே சோங்கின்றிப் பறவைத்தலை வடிவான பிடியுடன் வெளிவந்தமையால், சமஷ்டிச் சட்டத்தின் கண்ணில் அது சொட்கனே அன்று! குறிபார்ப்பதற்கு அரிய கருவி அச்சட்டத்தின் தடையின்றி விலைபோயிற்று. அதே கருவிக்கு ஒரு சோங்கைப் பொருத்த விரும்பினாலோ பதிவும் வரியும் குறுக்கே நின்றன. அவ்வரியும் 2026 ஜனவரியிற் பூச்சியமாயிற்று. சட்டம் மரத்துண்டை அளந்தது. மனித உயிரை அளக்கவில்லை.

வியாபாரி விற்பது மரத்தையும் இரும்பையும் மாத்திரமன்று, அச்சத்தையும் விற்கிறான். அச்சம் தீராத பண்டம். வாங்க வாங்க வளர்வது. 2008 இல் அந்நாட்டு உயர் நீதிமன்றம், வீட்டில் தற்காப்புக்கென ஆயுதம் வைத்திருத்தல் தனிமனித உரிமை எனத் தீர்த்தது. 2013 இல் துணை ஜனாதிபதியாயிருந்த ஜோ பைடன், துப்பாக்கிக் கட்டுப்பாட்டுக்காக வாதாடிய அதே வேளையில், சொட்கன் ஒன்றை வாங்குங்கள் என்றே மக்களுக்கு அறிவுரை கூறினார். தாராளவாதிக்கும் பழமைவாதிக்கும் இடையிலான சண்டை, எந்தத் துவக்கு என்பதோடு நின்றுவிடுகிறது.

இனி, கதவுக்கு உள்ளே பார்ப்போம். 1986 இல் வெளியான ஓர் ஆய்வு, சியாற்றில் நகரை உள்ளடக்கிய கிங் மாவட்டத்தில் துப்பாக்கியுள்ள வீடுகளில் நிகழ்ந்த மரணங்களைக் கணக்கிட்டது. தற்காப்பில் நிகழ்ந்த ஒவ்வொரு கொலைக்கும், தற்கொலை, குற்றக்கொலை, விபத்து ஆகியவற்றால் 43 உயிர்கள் மாண்டிருந்தன. 2021 இல் அந்நாட்டில் துப்பாக்கியால் இறந்த 48,830 பேரில் 26,328 பேர் தம்மைத் தாமே மாய்த்துக்கொண்டோர். கள்வனுக்காகக் காத்திருக்கும் துவக்கு வீட்டாரையே பலிகொள்கிறது.

கதவுக்கு வெளியே நிற்பவர் யார்? 2013 நவம்பரில் ஒருநாள் விடியுமுன், டெட்றொயிற் நகரை அடுத்த டியர்போண் ஹைற்ஸில், சில மணி நேரத்துக்கு முன்னர் கார் விபத்துக்குள்ளான 19 வயதுக் கறுப்பினப் பெண்ணொருத்தி ஒரு வீட்டுக் கதவைத் தட்டினாள். அவளிடம் ஆயுதம் எதுவும் இல்லை. வெள்ளையரான வீட்டுக்காரர் வலைக்கதவினூடே சொட்கனாற் சுட்டார்; அவள் இறந்தாள். தற்காப்பு என்ற வாதத்தை யூரிமார் ஏற்கவில்லை. 2014 இல் அவரைக் கொலைக் குற்றவாளியாகக் கண்டனர். அத்துவக்கில் இருந்தது சோங்கா, பிடியா என்பதா இங்கே கேட்கவேண்டிய வினா? தட்டும் ஓசை கேட்டதும் உதவி தேடும் மனிதப் பிறவியைக் காணாது பகைவனைக் காணும் கண்ணை ஆக்கியது எது என்பதன்றோ வினா!

எம் தோழர் சிலர் மறுப்புரைக்கலாம்: ஒடுக்கப்பட்டோருக்கு ஆயுதம் வேண்டாமா, 1850 இல் மார்க்ஸ் தொழிலாளர் ஆயுதத்தைக் கைவிடலாகாது என்று கூறவில்லையா? கூறினார். எனினும் அவர் பேசியது அமைப்பாகத் திரண்ட வர்க்கத்தைப் பற்றி. பூட்டிய அறைக்குள் தனித்து நடுங்கும் சொத்துடைமையாளனைப் பற்றியன்று. 1967 மே மாதத்திற் கறுஞ்சிறுத்தைக் கட்சியினர் துவக்குகளை வெளிப்படையாக ஏந்திக் கலிபோர்னியச் சட்டசபைக்குட் புகுந்தனர். அவ்வாண்டிலேயே, நிரப்பிய துப்பாக்கியைப் பொது இடத்தில் ஏந்துவதைத் தடுக்கும் சட்டத்தில் ஆளுநர் ரொனால்ட் ரேகன் கையொப்பமிட்டார். உரிமையென்று முழங்கப்படுவது யாருடைய உரிமை என்பதை அக்கையொப்பம் தெளிவாக்கிற்று.

துவக்கின் நிழலில் மூன்று தசாப்தங்கள் வாழ்ந்த நாட்டவர் நாம். கதவுக்குப் பின்னால் ஆயுதத்துடன் காத்திருப்பது அமைதியன்று என்பதை எமக்கு எவரும் கற்பிக்க வேண்டியதில்லை. வேலை, வைத்தியம், வீடு, அயலாரின் நம்பிக்கை ஆகியவை இல்லாத சமுதாயம் தன் மக்களுக்கு வழங்கும் மாற்றீடே வீட்டுச் சொட்கன். சோங்கா பிடியா என்ற வினாவுக்கு விடை தேடுமுன், அதனைக் கேட்கவைத்தோர் யார், அதனால் இலாபம் பெறுவோர் யார் என்று கேட்க எம் மாணவரைப் பழக்குதல் வேண்டும்.