ஈயம் கலந்த இலவச உரம்

நம் ஊர்க் குளத்தைச் செடிகளால் சுத்தம் செய்யும் திட்டத்துக்குச் சென்ற வாரம் கிடைத்த ஒப்புதலின் கடைசிப் பத்தியை எத்தனை பேர் படித்தார்களோ தெரியவில்லை. மிதவைகளில் ஆகாயத் தாமரையும் சம்பும் வெட்டிவேரும் வளர்ப்பது, முலாம் பட்டறைகள் விட்ட ஈயத்தையும் குரோமியத்தையும் அவை உறிஞ்சிக்கொள்வது என்பதெல்லாம் ஒரு மாதமாகப் பேசி அலுத்த சங்கதி. ஒப்புதலோடு புதிதாக ஒட்டிக்கொண்டு வந்திருப்பது ஒரே ஒரு வாக்கியம். அறுத்தெடுக்கும் செடிகளை மக்கவைத்து, சுற்று வட்டார விவசாயிகளுக்கு இயற்கை உரமாக இலவசமாகக் கொடுப்பார்களாம்.

அப்படியானால் செடி உறிஞ்சிய ஈயம் எங்கே போகும்? ஒப்புதல் கொடுத்த கூட்டத்தில் டீயும் பிஸ்கட்டும் சாப்பிட்டவர்களில் ஒருவருக்குக்கூட இதைக் கேட்கத் தோன்றவில்லையா?

செடிகளின் மேல் நமக்குக் கோபம் இல்லை. 1970களில் அமெரிக்காவின் மிசிசிப்பியில், நாசாவின் ஆய்வுக்கூடத்தில் பில் வுல்வர்ட்டன் இதே ஆகாயத் தாமரையைக் கொண்டு தண்ணீரிலிருந்து ஈயத்தையும் பாதரசத்தையும் பிரித்துக் காட்டினார். அதற்குப் பின் உலகெங்கும் எத்தனையோ பேர் செய்து பார்த்துவிட்டார்கள். சாமரம்போல் தண்ணீருக்குள் தொங்கும் வேர்கள்தான் வேலையைச் செய்கின்றன. ஈயத்தின் பெரும்பங்கு வேரிலேயே தங்கிவிடுகிறது. குரோமியத்தின் கொடிய வடிவத்தை நச்சு குறைந்த வடிவமாக மாற்றுகிற சாமர்த்தியமும் அந்த வேருக்கு உண்டு. ஆக, செடி தன் வேலையை ஒழுங்காகத்தான் செய்யும். ஒழுங்காகச் செய்வதுதான் இங்கே வினை. குளம் எவ்வளவு சுத்தமாகிறதோ, செடி அவ்வளவு நஞ்சாகிறது.

வீட்டுச் சாக்கடையை நுண்ணுயிர்கள் தின்று செரித்துவிடும். ஈயத்தைச் செரிக்கிற உயிர் ஒன்று இன்னும் பிறக்கவில்லை. அது தனிமம், உடையாது, அழுகாது, ஆவியாகிக் கரையேறாது. செடி அதற்குச் செய்வதெல்லாம் இடமாற்றம் மட்டுமே. தண்ணீரில் இருந்தது வேருக்கு வரும். வேரில் இருப்பதை எங்கே வைப்பது என்று தீர்மானிப்பதுதான் மொத்தத் திட்டமும். அந்தத் தீர்மானத்தைத்தான் ஒரு வரியில் முடித்திருக்கிறார்கள்.

கணக்கைப் பாருங்கள். பச்சை ஆகாயத் தாமரையில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்குக்கு மேல் தண்ணீர். லாரி லாரியாக அள்ளினாலும் காய்ந்தால் மூட்டைக் கணக்குத்தான். அதை மக்கவைத்தால் தழையின் பெரும்பகுதி காற்றோடு போய், எடை இன்னும் இறங்கும். இறங்காமல் நிற்பது உலோகம் ஒன்றுதான். பாலைச் சுண்டக் காய்ச்சுவதுபோல, மக்க மக்க ஒவ்வொரு கிலோவிலும் ஈயத்தின் செறிவு ஏறிக்கொண்டே போகும். நகரக் கழிவு உரம் ஒரு கிலோவில் ஈயம் 100 மில்லிகிராமையும், குரோமியமும் நிக்கலும் தலா 50 மில்லிகிராமையும், காட்மியம் 5 மில்லிகிராமையும் தாண்டக் கூடாது என்று மத்திய அரசின் உரக் கட்டுப்பாட்டு ஆணை வரம்பு வைத்திருக்கிறது. ஒப்புதலில் இந்த எண்களில் ஒன்றாவது உண்டா என்று தேடினோம். மிதவைக்கு என்ன வண்ணம் பூசுவது என்பது மட்டும் இருக்கிறது.

மக்கிய உரத்தில் உலோகம் கட்டுண்டு கிடக்கும், பயிருக்கு ஏறாது என்று ஒரு சமாதானம் சொல்லப்படுகிறது. ஓரளவு உண்மைதான். ஆனால் அந்தக் கட்டு எத்தனை போகத்துக்குத் தாங்கும்? மண்ணில் புளிப்பு ஏறினால் கட்டு தளரும். கீரை வகைகள் காட்மியத்தை எளிதில் இழுத்துக்கொள்ளும். குளத்தங்கரையை ஒட்டிய தோட்டங்களில் விளைவது பெரும்பாலும் கீரைதான். அது மறுநாள் காலையில் நம் சந்தைக்குத்தான் வருகிறது. குளத்தில் கிடந்தவரை அந்த ஈயம் ஓரிடத்தில் கிடந்தது. இனி அதை மூட்டை கட்டி, வீடு வீடாக, அதுவும் இலவசமாகக் கொண்டுபோய்ச் சேர்க்கப் போகிறோம்.

இதே நாற்காலிகளில் இருந்தவர்கள் குளத்துக்கு இதுவரை செய்த நன்மைகளை ஊர் மறந்திருக்காது. வண்ண விளக்கு போட்ட நீரூற்று வந்தது. இரண்டு பொங்கலைத் தாண்டவில்லை. பிறகு படகு. பிறகு நுண்ணுயிர்க் கரைசல், பீப்பாய் பீப்பாயாக. கேட்டால், 2019இல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் சொன்னதைத்தான் செய்கிறோம் என்றார்கள். தீர்ப்பாயம் சொன்னது வீட்டுச் சாக்கடைக்கு. அதுவும் சுத்திகரிப்பு நிலையம் கட்டி முடியும்வரை வாய்க்காலில் ஓர் இடைக்கால ஏற்பாடாக. தவறினால் ஒரு வாய்க்காலுக்கு மாதம் 5 லட்சம் ரூபாய் இழப்பீடு என்றும் சொன்னது. இங்கே இடைக்காலமே நிரந்தரமாகிவிட்டது.

அதையெல்லாம் விடுங்கள், ஆகாயத் தாமரைக் கதைக்கே வருவோம். பல வருடங்களாக இந்தச் செடியை எடுக்கத்தான் பொக்லைன் இறக்கினார்கள். எடை போட்டுப் பணம் கொடுத்தார்கள். அதாவது தண்ணீருக்குப் பணம் கொடுத்தார்கள். வாரிய செடியைக் கரையிலேயே குவித்தார்கள். அது அழுகி, மழையில் கரைந்து, குடித்த ஈயத்தோடு மறுபடியும் குளத்திலேயே விழுந்தது. இப்போது அதே செடியைக் காசு கொடுத்து இறக்குகிறார்கள். இல்லாத பொருளை ஆகாயத் தாமரை என்பது தமிழில் பழைய வழக்கு. கோப்பில் அதைத் தினமும் காண்கிற பாக்கியம் இவர்களுக்கு.

கழிவு நிலத்துக்குப் போனால் என்ன ஆகும் என்பதை நம் நொய்யலே காட்டியிருக்கிறது. அதன் குறுக்கே பாசனத்துக்கென்று 1992இல் வந்த ஒரத்துப்பாளையம் அணை என்ன ஆயிற்று? திருப்பூர்ச் சாயத்தண்ணீரைத் தேக்கும் தொட்டியாயிற்று. தண்ணீர் விடு என்று கேட்க வேண்டிய விவசாயிகள், சாயத்தை நிறுத்து என்று நீதிமன்றத்துக்கு நடந்தார்கள். சாயப்பட்டறைகளை மூடச் சொல்லி 2011 ஜனவரியில் உயர் நீதிமன்றம் உத்தரவிட வேண்டியிருந்தது. நொய்யல் படுகையில் இருந்துகொண்டு, கழிவை நிலத்துக்கு அனுப்பினால் என்ன ஆகும் என்று தெரியாது என்பவரை நாம் நம்பத் தயாராக இல்லை. தெரிந்தேதான் செய்கிறார்கள். உரம் என்று பெயர் வைத்துவிட்டால், கழிவை அப்புறப்படுத்தும் செலவு மிச்சம் அல்லவா?

அந்த ஒரு வாக்கியத்தை உடனே நீக்க வேண்டும். அறுத்த செடியைப் பத்திரமாகக் கையாள ஏதேனும் வழி காண வேண்டும். பட்டறைக் கழிவு வாய்க்காலில் இறங்கும் இடத்திலும் எதையாவது செய்தாக வேண்டும்; விவரம் அறிந்தவர்கள் உட்கார்ந்து பேசட்டும், ஆனால் சீக்கிரம் பேசட்டும். ஐப்பசி மழைக்கு முன்பே முதல் அறுவடை என்கிறார்கள். உரம் வேண்டும் விவசாயிகளின் பெயரை எழுத நோட்டுப் போட்டாகிவிட்டது. பரிசோதனைக் கூடத்துக்கு மட்டும் ஒரு பிடி வேர்கூட இன்னும் போகவில்லை.