சத்தம் வேற, சக்தி வேற!



இடைவேளையில் நம்ம பசங்க அதிகம் பேசுவது எதைப் பற்றி? முதல் இடம் கிரிக்கெட். இரண்டாவது இடம் சந்தேகமே இல்லாமல் காரும் பைக்கும்தான். "எங்க அண்ணன் காருக்கு சைலன்சர் மாத்திட்டான்டா, இப்ப சும்மா பறக்குது!" என்று ஒருத்தன் ஆரம்பித்தால் போதும், மணி அடிப்பதே யார் காதிலும் விழாது.

எனக்கும் கார் என்றால் உயிர். அதனால்தான் இந்தக் கட்டுரை. சைலன்சரை மாற்றினால் சத்தமும் ஏறும், பவரும் ஏறும் என்கிறார்களே, அது எவ்வளவு தூரம் உண்மை? என் கருத்து இதுதான்: சத்தம் ஏறுவது நிச்சயம், சக்தி ஏறுவது சந்தேகம். அந்தச் சத்தத்துக்கு விலை கொடுப்பது காருக்குள் இருப்பவர் இல்லை, ரோட்டோரம் இருக்கும் நாம்!

சைலன்சருக்குள்ளே என்ன நடக்குது?

எஞ்சினுக்குள் பெட்ரோல் எரிந்ததும், சூடான புகை அழுத்தத்தோடு வெளியே பாயும். ஒவ்வொரு முறை பாயும்போதும் ஒரு 'டப்'. நான்கு சிலிண்டர் கார் எஞ்சின் நிமிடத்துக்கு 3000 சுற்று சுற்றினால், ஒரு சுற்றுக்கு 2 'டப்' வீதம் நிமிடத்துக்கு 6000. அதாவது நொடிக்கு 100! இந்த நூறும் சேர்ந்துதான் நம் காதில் 'உர்ர்ர்' என்று கேட்கிறது.

புகை முதலில் மெனிஃபோல்டில் ஒன்று சேரும். அடுத்தது கேட்டலிடிக் கன்வெர்ட்டர். அதற்குள் பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் போன்ற விலை உயர்ந்த உலோகங்கள் பூசியிருக்கும். விஷமான கார்பன் மோனாக்சைடை அது கார்பன் டை ஆக்சைடாக மாற்றும். சென்னை உட்பட நான்கு பெருநகரங்களில் புதிய பெட்ரோல் கார்களுக்கு இதை 1995-லேயே கட்டாயமாக்கிவிட்டார்கள். கடைசியில்தான் ரெசனேட்டரும் சைலன்சரும். பதினொன்றாம் வகுப்பு அண்ணன்களுக்கு 'அலைகள்' பாடம் ஞாபகம் இருக்கும். ஓர் அலையின் மேடும் இன்னொரு அலையின் பள்ளமும் சேர்ந்தால் இரண்டும் அடங்கிவிடும் அல்லவா? சைலன்சருக்குள் இருக்கும் தடுப்புகளும் ஓட்டை போட்ட குழாய்களும் செய்வது பெரும்பாலும் அதே வேலைதான். நாம் புரியவில்லை என்று புலம்பும் பாடம், தினமும் நம்ம ரோட்டில் ஓடிக்கொண்டிருக்கிறது!

சரி, பவர் ஏறுமா?

"புகை தடையில்லாம வெளியே போனா எஞ்சின் ஃப்ரீ ஆயிடும், பவர் கூடும்" என்பார்கள். இதில் பாதி உண்மை. புகையை வெளியே தள்ள எஞ்சின் கொஞ்சம் சக்தியைச் செலவு செய்கிறது. தடை குறைந்தால் அந்தச் செலவும் குறையும். ஆனால் எவ்வளவு? நம் வீடுகளில் இருக்கும் 1.2 லிட்டர் கார்கள் சுமார் 80, 90 குதிரைத்திறன் தருபவை. இந்த மாதிரி டர்போ இல்லாத எஞ்சினில் பின்பக்க சைலன்சரை மட்டும் மாற்றினால் கிடைப்பது ஒன்றோ இரண்டோ குதிரைத்திறன். ஏ.சி.யை அணைத்தாலே அதைவிட அதிகம் மிச்சமாகும்!

அந்த ஒன்றிரண்டும் எப்போது கிடைக்கும்? எஞ்சின் 5000 சுற்றுக்கு மேல் கதறும்போது. குமணன்சாவடியிலிருந்து ஐயப்பன்தாங்கல் வரை மெட்ரோ தூண்களை ஒட்டி ஊர்ந்து போகும் நம்ம ரோட்டில், 2000 சுற்றைத் தாண்டுவதே பெரிய விஷயம். இங்கே அந்தப் பவரை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

இன்னொன்றும் இருக்கிறது. "பெரிய பைப் போட்டா பெரிய பவர்" என்று நினைக்கிறார்கள். தோட்டத்துக்குத் தண்ணி விடும் ட்யூபை நினைத்துப் பாருங்கள். வாயை அழுத்திப் பிடித்தால் தண்ணி வேகமாகப் பீய்ச்சும், விட்டுவிட்டால் சொதசொதவென்று விழும். புகையும் அப்படித்தான். வேகமாக ஓடும் புகை, பின்னால் வரும் புகையையும் இழுத்துக்கொண்டு போகும். குழாய் அளவுக்கு மீறிப் பெரிதானால் அந்த வேகம் போய்விடும். குறைந்த வேகத்தில் நமக்குத் தேவையான பிக்கப்தான் முதலில் அடிவாங்கும்.

பிறகு ஏன் எல்லோரும் "பறக்குது" என்கிறார்கள்? காது செய்யும் வேலை அது! சத்தம் ஏறினால் வேகமும் ஏறியதாக மனசு நம்பிவிடும். ஸ்டாப் வாட்ச் நம்பாது.

எஃப்-1 காட்டிய உண்மை

நாராயண் கார்த்திகேயன் 2005-ல் இந்தியாவின் முதல் ஃபார்முலா ஒன் வீரராகக் களம் இறங்கியபோது, அந்தக் கார்களில் 3 லிட்டர், பத்து சிலிண்டர் எஞ்சின். அதன் அலறலைக் கேட்கவே மக்கள் கூடுவார்கள். 2006-ல் எட்டு சிலிண்டர் வந்தது. 2014-ல் வெறும் 1.6 லிட்டர், ஆறு சிலிண்டர், கூடவே டர்போவும் மின்மோட்டாரும் வந்தன. சத்தம் பாதியாகிப் போனது போல இருந்தது. "இது ரேஸா, தையல் மிஷினா?" என்கிற மாதிரி ரசிகர்கள் கோபப்பட்டார்கள். ஆனால் சக்தி குறைந்ததா? இல்லை! பழைய எட்டு சிலிண்டர் காரைவிட இவற்றின் சக்தி அதிகம், எரிபொருளோ குறைவு.

எப்படி? பெட்ரோலில் இருக்கும் சக்தியில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு, சூடாகப் புகையோடு போய்விடுகிறது. டர்போ அந்தப் புகையைக் கொண்டே ஒரு விசிறியைச் சுற்ற வைத்து, எஞ்சினுக்குக் கூடுதல் காற்றை ஊட்டுகிறது. வீணாகப் போவதைப் பிடித்து வேலை வாங்கியதால்தான் சத்தம் அடங்கியது, சக்தி கூடியது. உலகத்திலேயே வேகமான கார் செய்கிறவர்கள் காட்டிய உண்மை இது. நம்ம ஏரியா அண்ணன்களுக்கு இது எப்போது புரியும்?

'பட்டாசு' வெடிக்கிற கார்கள்

இப்போது புதிதாக ஒரு மோகம். ஆக்சிலரேட்டரை விட்டதும் பின்னால் 'பட் பட்' என்று வெடிக்க வேண்டுமாம்! எஞ்சினுக்குள் எரிய வேண்டிய பெட்ரோலை, குழாய்க்குள் எரிய விடுவதுதான் அந்த வெடி. அப்பா கொடுத்த பெட்ரோல் காசு அங்கே வெடிக்கிறது. அந்தச் சூட்டில் கேட்டலிடிக் கன்வெர்ட்டரும் கெட்டுப்போகும். சிலர் அதைக் கழற்றியே வைத்துவிடுகிறார்கள். பஸ் ஸ்டாப்பில் நிற்கும் நம் மூக்குக்குள்தான் அந்த விஷப்புகை போகிறது.

காதுக்கும் ஒரு கணக்கு உண்டு

சத்தத்தை டெசிபலில் அளக்கிறோம். இதில் 10 கூடினால் ஒலியின் செறிவு பத்து மடங்கு ஆகும். 20 கூடினால் நூறு மடங்கு! 85 டெசிபல் சத்தத்தில் ஒரு நாளைக்கு 8 மணி நேரத்துக்கு மேல் இருந்தால் காதுக்கு ஆபத்து என்கிறார்கள். ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் அந்த நேரம் பாதியாகும். 100 டெசிபல் என்றால் வெறும் 15 நிமிடம்தான்.

2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, கோர்ட் இவற்றைச் சுற்றி 100 மீட்டர் வரை அமைதி மண்டலமாக அறிவிக்கலாம். அங்கே பகலில் 50 டெசிபல், இரவில் 40 டெசிபல்தான் அளவு. ஆனால் பரீட்சை ஹாலில் கணக்குப் போடும்போது ஒரு கார் அலறிக்கொண்டு போனால், நாற்பது பேருடைய பேனாவும் ஒரே நேரத்தில் நிற்கிறது. போரூர் பக்கம் ஆஸ்பத்திரிக்குப் போகும் ஆம்புலன்சுக்குள் படுத்திருப்பவரை நினைத்துப் பாருங்கள். தொட்டிலில் தூங்கும் குழந்தையை நினைத்துப் பாருங்கள்.

"ஏர் ஹாரன் அடிக்கிற பஸ்ஸைக் கேக்க மாட்டீங்க, எங்களை மட்டும் கேப்பீங்களா?" என்று சில அண்ணன்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. அதுவும் தப்புதான், அதையும் கேட்க வேண்டும். ஆனால் பக்கத்து வீட்டில் குப்பை கொட்டுகிறார்கள் என்பதற்காக நாமும் தெருவில் கொட்டலாமா?

சட்டம் என்ன சொல்லுது?

மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவின்படி, கம்பெனி கொடுத்த அமைப்புக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட்டும் இதையே உறுதி செய்தது. அதே ஆண்டு வந்த திருத்தத்தின்படி, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5000 ரூபாய் அபராதம் அல்லது 6 மாதம் வரை சிறை. ஒலி, புகை அளவை மீறி ஓட்டினால் 10,000 ரூபாய் வரை அபராதம், மூன்று மாதத்துக்கு லைசென்சும் போகும். 2022-ல் விசாகப்பட்டினம் போலீசார் பறிமுதல் செய்த சைலன்சர்களை ரோட்டில் வரிசையாக அடுக்கி, ரோடு ரோலரை ஏற்றி நசுக்கினார்கள்!

நம் வகுப்புப் பசங்க கவனிக்க வேண்டியது இன்னொன்று. 18 வயது ஆகாதவர் ஓட்டிப் பிடிபட்டால், பெற்றோருக்கோ வண்டி உரிமையாளருக்கோ 25,000 ரூபாய் அபராதம், 3 ஆண்டு வரை சிறை என்று சட்டம் இருக்கிறது. மாட்டியவனுக்கு 25 வயது வரை லைசென்சும் கிடையாது. "சும்மா ஒரு ரவுண்டு" என்று சாவி எடுக்கும் முன் அம்மா முகத்தை நினைத்துக்கொள்ளுங்கள்.

அப்போ ஆசையே படக்கூடாதா?

தாராளமாக ஆசைப்படலாம்! அதற்கு இடம் நம்ம பக்கத்திலேயே இருக்கிறது. பூந்தமல்லி தாண்டி பெங்களூர் ஹைவேயில் போனால் இருங்காட்டுக்கோட்டை. அங்கே 1990-ல் திறந்த ரேஸ் டிராக், சுமார் 3.7 கிலோமீட்டர் நீளம். 1953-ல் தொடங்கிய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப்புக்குச் சொந்தமானது. நாராயண் கார்த்திகேயன் தன் முதல் ரேஸை ஓட்டியதும் இந்த டிராக்கில்தான். பவர் வேண்டும் என்கிறவர்கள் அங்கே போய்க் காட்டட்டும், நாமும் போய்க் கைதட்டலாம்.

டிராக்குக்காக எக்ஸாஸ்ட் மாற்றும் அண்ணன்கள் நான்கு விஷயம் பார்க்க வேண்டும். ஒன்று, கேட்டலிடிக் கன்வெர்ட்டரில் கை வைக்காதீர்கள். இரண்டு, வளைவில் நசுங்காத குழாயாக இருக்க வேண்டும். நசுங்கினால் புகைக்கு அங்கேயே தடை. மூன்று, துரு பிடிக்காத ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் போடுங்கள். நம்ம மழைக்கும் ரோட்டில் நிற்கும் தண்ணிக்கும் சாதா இரும்பு தாங்காது. நான்கு, மாற்றுவதற்கு முன்னும் பின்னும் டைனோ மிஷினில் பவரை அளந்து பாருங்கள். ஜி.பி. ரோடு கடைக்காரர் வாயால் சொல்லும் குதிரைகளை நம்பாதீர்கள்!

ரோட்டில் ஓட்டுகிறவர்களுக்கு ஒரே யோசனை. ஏர் ஃபில்டரைச் சுத்தமாக வையுங்கள், டயரில் சரியாகக் காற்று அடியுங்கள், டிக்கியில் கிடக்கும் வேண்டாத சாமானை எடுத்துப் போடுங்கள். வண்டி தானாகவே துள்ளும்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். நம்ம தேசிய மாணவர் படையும் நாட்டு நலப்பணித் திட்டமும் சேர்ந்து, பள்ளி ரோட்டில் 'அமைதி மண்டலம்' போர்டு வைக்கச் சொல்லி அதிகாரிகளுக்கு மனு கொடுக்கலாம். அறிவியல் ஆசிரியர்கள் உதவினால், ஒரு வாரம் நாமே டெசிபல் அளந்து அந்தக் கணக்கையும் மனுவோடு இணைக்கலாம். முதல் கையெழுத்து போட நான் ரெடி. இரண்டாவது கையெழுத்து யாருடையது நண்பர்களே?

சிந்திப்போம்! செயல்படுவோம்!

— பத்தாம் வகுப்பு, 'ஆ' பிரிவு மாணவன்