மைக் பிடிப்பதும் நம்ம வேலைதான்

ஸ்ரீஹரிகோட்டாவில் ராக்கெட் விடும் நாள் என்றால் பழவேற்காட்டில் எங்கள் வீட்டில் ஒரு காமெடி நடக்கும். சித்தப்பா வாசலில் நின்று வடக்கே பார்ப்பார். நான் உள்ளே உட்கார்ந்து போனில் லைவ் பார்ப்பேன். போனில் கவுண்ட்டவுன் பத்தோ எட்டோ சொல்லிக்கொண்டிருக்கும்போதே, "டேய், கிளம்பிடுச்சுடா!" என்று வெளியே இருந்து குரல் வரும். லைவ் அவ்வளவு லேட். அதற்கப்புறம் ஒன்றரை நிமிஷம் கழித்துத்தான் அந்த உறுமல் ஏரியைத் தாண்டி வந்து சேரும். தூரம் சுமார் 30 கிலோமீட்டர், ஒலியின் வேகம் வினாடிக்குச் சுமார் 340 மீட்டர். கணக்கு டேலி ஆகும், போட்டுப் பாருங்கள்.

அன்றைக்குக் கடலுக்குப் போகக் கூடாது என்று முன்னாடியே சொல்லிவிடுவார்கள். அதனால் நாடே கை தட்டும் நாள் எங்கள் ஊருக்குத் தொழில் இல்லாத நாள். எப்போது அந்தக் குரல் கவுண்ட்டவுனை முடிக்கும், எப்போது படகை எடுக்கலாம் என்றுதான் இங்கே காத்திருப்பார்கள்.

அந்தக் குரலுக்குச் சொந்தக்காரர் வளர்மதி. 2023 ஜூலை 14 அன்று சந்திரயான்-3 கிளம்பியபோது கவுண்ட்டவுன் சொன்னவர். அந்த வருஷமே செப்டம்பர் 2-ஆம் தேதி சென்னையில் மாரடைப்பால் இறந்துபோனார். அன்று காலையில்தான் ஆதித்யா-எல்1 கிளம்பியிருந்தது. அவர் இறந்த செய்தி வந்த பிறகுதான் எனக்கு அவர் பெயரே தெரியும். அவரை இஸ்ரோ வெளியிலிருந்து கூட்டிவந்த தொகுப்பாளர் என்றுதான் நினைத்திருந்தேன். இல்லை, அவர் ஸ்ரீஹரிகோட்டாவிலேயே பணியாற்றிய விஞ்ஞானி.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், நம் காலேஜில் மைக் பிடிப்பவர்களுக்கு ஒரு இமேஜ் இருக்கிறது. "நல்லா பேசுவான், கோடிங் வராது." சிம்போசியம் என்றால் கூப்பிடுவோம், ப்ராஜெக்ட் டீம் என்றால் யோசிப்போம். அறிவிப்பு என்பது வேலை முடிந்த பிறகு மேலே தூவும் கொத்தமல்லி மாதிரி ஒரு விஷயம் என்று முடிவு கட்டிவிட்டோம். நானும் அப்படித்தான் நினைத்தேன், போன வருஷம் வரைக்கும்.

போன வருஷம் என்ன நடந்தது என்று சொல்கிறேன். ஹைதராபாத்தில் இன்காய்ஸ் என்று ஒரு மத்திய அரசு நிறுவனம் இருக்கிறது. அலை உயரம், காற்று, சுனாமி எச்சரிக்கை எல்லாம் அங்கிருந்து வருகிறது. அந்த எச்சரிக்கை ஒன்று இங்கிலீஷ் பிடிஎஃப் ஆக எங்கள் சொந்தக்காரர்கள் வாட்ஸ்அப் குரூப்புக்கு வந்தது. வீட்டில் இங்கிலீஷ் மீடியம் படித்தவன் நான்தான். ஹாஸ்டலில் இருந்தபடியே படித்து வாய்ஸ் நோட் போட்டேன். அதில் 14-ஆம் தேதி 23:30 மணி முதல் என்று இருந்தது. நான் அவசரத்தில் "பதினஞ்சாம் தேதி ராத்திரியிலேர்ந்து கடல் சரியில்லை" என்று சொல்லிவிட்டேன். ஒரு முழு நாள் வித்தியாசம். பதினான்காம் தேதி சாயங்காலம் வலை விட்டு வந்த சித்தப்பா, காலையில் எடுத்துக்கலாம் என்று படுத்துவிட்டார். விடிந்து போனால் பாதி வலை இல்லை. மீதி கிழிந்து கிடந்தது.

ஆளுக்கு ஒன்றும் ஆகவில்லை. அவர் திட்டவும் இல்லை. "நீ சொன்னியேன்னு இருந்துட்டேன்பா" என்றார், அவ்வளவுதான். திட்டியிருந்தால் பரவாயில்லை என்று இருந்தது.

அன்றைக்குத்தான் புரிந்தது. சாட்டிலைட் சரியாக வேலை செய்தது. ஹைதராபாத்தில் மாடல் ஓட்டியவர் சரியாகச் செய்தார். கடைசி கண்ணியான நான் சொதப்பினேன். அந்த ஒரு கண்ணி போனதும் முன்னால் செய்த அத்தனை வேலையும் வீண். அறிவிப்பாளர் என்பவர் அந்தக் கடைசிக் கண்ணி. அவரும் சிஸ்டத்தின் ஒரு பாகம்தான்.

இதற்கு நேர் எதிர் உதாரணமும் இருக்கிறது. புதுச்சேரி பக்கம் நல்லவாடு என்று ஒரு மீனவ கிராமம். 2004 டிசம்பர் 26 அன்று சிங்கப்பூரில் வேலை பார்த்த அந்த ஊர் இளைஞர் ஒருவர் சுனாமி செய்தியைக் கேட்டு வீட்டுக்கு போன் போட்டார். ஊரில் எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் அமைத்த தகவல் மையத்தில் ஒலிபெருக்கி இருந்தது. தினமும் கடல் நிலவரம் சொல்லப் பயன்பட்ட அதே மைக்கில் "எல்லாரும் வெளியேறுங்க" என்று அறிவித்தார்கள். படகுகள் போயின. 3,000 பேருக்கு மேல் இருந்த ஊரில் உயிர்கள் தப்பின. தினமும் கேட்ட மைக் என்பதால் நம்பினார்கள், நம்பியதால் ஓடினார்கள். நம்பிக்கையை ஆபத்து வந்த நிமிஷத்தில் புதிதாகச் சம்பாதிக்க முடியாது.

எங்கள் தாத்தா தலைமுறை இலங்கை வானொலியின் பி.எச்.அப்துல் ஹமீதையும், டெல்லியிலிருந்து செய்தி வாசித்த சரோஜ் நாராயணசுவாமியையும் வீட்டு ஆள் மாதிரிப் பேசும். முகம் தெரியாது, குரல் தெரியும். அந்தக் குரல் சொன்னால் சரியாக இருக்கும் என்பதும் தெரியும்.

"இப்போதான் ஏஐ வந்தாச்சே, எந்தக் குரலில் வேண்டுமானாலும் வாசிக்கும்" என்பீர்கள். என் பக்கத்து பெஞ்ச் நண்பனின் ஃபைனல் இயர் ப்ராஜெக்டே அதுதான். நான் அதற்கு எதிரி இல்லை. ராத்திரி இரண்டு மணிக்கு எச்சரிக்கை வந்தால் தூங்காமல் வாசிக்க ஒரு மெஷின் இருப்பது நல்லதுதான். ஆனால் இரண்டு விஷயம்.

ஒன்று, மேப் ஆப்பில் "பழவேற்காடு" என்று கேட்டுப் பாருங்கள். எங்கள் ஊரில் பிறந்தவனுக்கே அது எந்த ஊர் என்று சந்தேகம் வரும். "வடகிழக்குத் திசையிலிருந்து" என்று வாசித்தால் அப்பா ஒரு வினாடி யோசிப்பார். "வாடைக்காத்து" என்றால் யோசிக்கவே மாட்டார். முகத்துவாரத்தைத் தாண்டப் போகும் ஆளுக்கு அந்த ஒரு வினாடி முக்கியம்.

இரண்டு, தப்பு நடந்தால் மெஷினுக்கு உறுத்தாது. வலை போன பிறகு நான் எந்த எச்சரிக்கையையும் மூன்று தடவை படிக்காமல் வாய்ஸ் நோட் போடுவதில்லை. தேதியையும் கிழமையையும் சேர்த்தே சொல்கிறேன். அந்தப் பழக்கம் வந்தது சித்தப்பாவின் முகத்தைப் பார்த்ததால். வாசிப்பதை மெஷினிடம் கொடுக்கலாம், பொறுப்பைக் கொடுக்க முடியாது. என்ன வாசிக்கிறது என்று கேட்டு, "சரி, இது போகலாம்" என்று சொல்ல அந்தக் கரையின் பேச்சு தெரிந்த ஒரு ஆள் வேண்டும்.

அந்த ஆள் ஏன் நாமாக இருக்கக் கூடாது? பிளேஸ்மென்டை விட்டுவிட்டு ரேடியோவுக்குப் போங்கள் என்று சொல்லவில்லை. அதில் வருமானம் எப்படி என்று எல்லோருக்கும் தெரியும். வளர்மதியும் வேலையை விட்டுவிட்டு மைக்குக்கு வரவில்லை, வேலையின் பாகமாகத்தான் மைக் பிடித்தார். அண்ணா பல்கலைக்கழகம் 2004-இலேயே அண்ணா எஃப்எம் தொடங்கி கேம்பஸ் வானொலிக்கு வழி காட்டியது. பாம்பனில் மீனவர்களுக்காகவே 'கடல் ஓசை' என்ற சமுதாய வானொலி 2016-இல் வந்தது. கல்வி நிறுவனங்களுக்குச் சமுதாய வானொலி உரிமம் கேட்க வழி இருக்கிறது. நம் காலேஜில் ஆடியோ லேப் இருக்கிறது, இசிஇ டிபார்ட்மென்ட் இருக்கிறது, எண்ணூர் தொடங்கி கன்னியாகுமரி வரை கடற்கரை ஊர்ப் பசங்க ஹாஸ்டலில் இருக்கிறார்கள். இல்லாதது, இதுவும் இன்ஜினியரிங் வேலைதான் என்ற எண்ணம் மட்டும்தான்.

தமிழ் வாய்ஸ் ப்ராஜெக்ட் செய்யும் நண்பர்களுக்கு ஒரே ஒரு வேண்டுகோள். ரிவ்யூவில் புரொஃபசருக்கு டெமோ காட்டும் முன்னாடி ஒரு நாள் என்னோடு பழவேற்காட்டுக்கு வாருங்கள். விடியற்காலையில் படகு கிளம்பும் நேரத்தில் போட்டுக் காட்டுவோம். சித்தப்பா கேட்டுவிட்டு, "இன்னா சொல்லுது இது?" என்று கேட்டால் திரும்பிப் போய் மறுபடி செய்வோம். கேட்டவுடன் வானத்தைப் பார்த்துவிட்டு வலையை இறக்கி வைத்தார் என்றால், உங்கள் ப்ராஜெக்ட் பாஸ்.