தோட்டா நிரப்ப வேண்டாம். பத்து மீட்டர் இடம் போதும்

போன செமஸ்டர் ஹாஸ்டலில் ஒரு வீடியோ சுத்திக்கிட்டு இருந்துச்சு. அமெரிக்காவுல ஒரு தாத்தா தன் வீட்டு கேரேஜில் உட்கார்ந்து, சுட்டு முடிச்ச காலித் தோட்டாவை எடுத்து, புது ப்ரைமர் போட்டு, தராசில் மருந்தை நிறுத்து, மேலே குண்டை வச்சு அழுத்துறார். "வழக்கமான அளவை விடக் குறைவாப் போடுறேன். தோளில் இடிக்காது, குறியும் பிசகாது" என்கிறார். பார்த்த மெக்கானிக்கல் பசங்க ரெண்டு பேர் கேட்டாங்க: "மச்சி, இதையே ஃபைனல் இயர் ப்ராஜெக்ட்டா பண்ணா என்ன?"

அவங்களுக்குப் பதில் சொல்லத்தான் இதை எழுதுறேன். தாத்தாவோட ஐடியா சரி. அதைச் செய்ய நீங்க நினைச்ச இடமும் வழியும் தப்பு.

முதலில், ஐடியா ஏன் சரி? ஃபர்ஸ்ட் இயர் ஃபிசிக்ஸை எடுத்துக்குவோம். நம்ம ஊர் போலீஸ் பல காலம் தோளில் மாட்டியிருந்த .303 ரைபிளின் குண்டு 11.3 கிராம், குழலை விட்டுக் கிளம்பும் வேகம் விநாடிக்கு 744 மீட்டர். ரைபிள் 4 கிலோ என்று வைத்தால், உந்தம் மாறாமல் இருக்க அது விநாடிக்கு 2.1 மீட்டர் வேகத்தில் உங்க தோளை நோக்கி வரணும். என்.சி.சி.யில் நாம சுடும் .22 குண்டு 2.6 கிராம்தான், வேகம் சுமார் 330 மீட்டர். அதே 4 கிலோ ரைபிளில் பின்னுதைப்பு வேகம் 0.21 மீட்டர். வேகம் பத்தில் ஒரு பங்கு, ஆற்றல் நூறில் ஒரு பங்கு. மருந்து வாயு தரும் உதையைச் சேர்த்தால் .303 இன்னும் மோசம்.

உதை குறைஞ்சா தோள் மட்டும் தப்பிக்கல, மனசும் தப்பிக்குது. எங்க தாத்தாவுக்கு ராஜபாளையத்துக்கு மேற்கே மலையடிவாரத்தில் தென்னந்தோப்பு. காட்டுப்பன்னியை விரட்ட லைசென்ஸ் வாங்கிய ஒத்தைக்குழல் பன்னிரண்டு போர் துப்பாக்கி வச்சிருந்தார். தேர்தல் வந்தா ஸ்டேஷனில் ஒப்படைச்சுட்டு வருவார். அதுதான் அவருக்கு நிம்மதியான மாசம். "விசையை இழுக்கறதுக்கு முன்னாடியே கண்ணு தானா மூடிக்கிடும்டா. அப்புறம் பன்னி எங்க, குண்டு எங்க" என்று சிரிப்பார். அடி விழப்போகுதுன்னு உடம்பு முன்கூட்டியே சுருங்கினா, எவ்வளவு நல்ல ரைபிளும் குறி தவறும். அதனாலதான் ஒரு காலத்தில் லீ என்ஃபீல்டு ரைபிளுக்கே .22 குழல் போட்டு, பயிற்சிக்குக் கொடுத்தாங்க.

சரி, அப்போ நாமளே மருந்தைக் குறைச்சு நிரப்பினா என்ன? இங்கேதான் பிரச்சினை.

ஒண்ணு, சட்டம். 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 5ஆம் பிரிவுப்படி, உரிமம் இல்லாமல் துப்பாக்கியோ தோட்டாவோ தயாரிக்கக் கூடாது. "ப்ராஜெக்ட் சார்" என்று சொன்னால் ஸ்டேஷனில் மார்க் போட மாட்டாங்க.

ரெண்டு, குறைச்சா ஆபத்தும் குறையும்னு நினைக்கிறது. பெரிய கூட்டில் கொஞ்சமா மருந்து கிடந்தா, அது ஒரு பக்கமாப் படுத்துக்கும். ஒரு தடவை மெதுவாப் பத்தும். இன்னொரு தடவை அழுத்தம் எகிறி, துப்பாக்கியே உடையலாம். சில நேரம் குண்டு குழலின் பாதியிலேயே நின்னுடும். அது தெரியாம அடுத்ததைச் சுட்டா குழல் வெடிக்கும். மருந்து என்ற சொல்லுக்கு நம்ம மாவட்டத்தில் என்ன அர்த்தம்னு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. 2012 செப்டம்பர் 5, சிவகாசி பக்கத்து முதலிப்பட்டி. சுமார் 40 பேர். ஸ்ரீவில்லிபுத்தூரில் இருந்து அரை மணி நேரம்தான். நம்ம வகுப்பிலேயே பட்டாசு ஆலைக்குப் போற அம்மா அப்பா உள்ளவங்க இருக்காங்க. அவங்க முன்னாடி, ஹாஸ்டல் ரூமில் மருந்து நிறுக்கிற ஐடியாவைச் சொல்லிப் பாருங்க.

மூணு, துல்லியம். இதுதான் பலரும் யோசிக்காத இடம். ஒலிம்பிக் 50 மீட்டர் ரைபிள் இலக்கில் பத்து மதிப்பெண் வட்டத்தின் விட்டம் 10.4 மில்லிமீட்டர். ஒரு குண்டு விநாடிக்கு 320 மீட்டரிலும் அடுத்தது 300 மீட்டரிலும் போனால், காற்றுத் தடையை விட்டுவிட்டே கணக்குப் போட்டாலும், 50 மீட்டரில் ரெண்டாவது குண்டு 1.6 சென்டிமீட்டருக்கு மேல் கீழே விழும். நீங்க அசையவே இல்லை, ஆனா பத்து போச்சு. அதனால் வேகத்தைக் குறைப்பதை விட, ஒவ்வொரு தடவையும் ஒரே மாதிரிக் குறைப்பதுதான் வேலை. போட்டிக்கான .22 தோட்டா தயாரிப்பவங்க அதைத்தான் செய்றாங்க: ஒலியின் வேகத்துக்குக் கீழேயே நிறுத்துறாங்க, ஆனா ஒவ்வொரு குண்டும் ஒரே வேகத்தில் போகணும்னு பாடுபடுறாங்க. ஹாஸ்டல் தராசில் அது வராது.

விளையாட்டும் இதே பக்கம்தான் போயிருக்கு. ட்ராப் போட்டியில் ஒரு தோட்டாவில் 24 கிராம் ஈயத்துக்கு மேல் கூடாது. புதுக்கோட்டை பிரித்விராஜ் தொண்டைமான் பாரிஸில் பறக்கும் தட்டுகளைச் சுட்டது அந்த 24 கிராமை வச்சுத்தான். 2008இல் அபினவ் பிந்த்ரா தங்கம் வாங்கியது மருந்தே இல்லாத காற்று ரைபிளில். கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் ரெண்டு ஒலிம்பிக் போனதும் அதில்தான். 10 மீட்டர் காற்று ரைபிளில் பத்து என்பது அரை மில்லிமீட்டர் புள்ளி, குண்டோ 4.5 மில்லிமீட்டர். ஆற்றல் எட்டு ஜூல் அளவுதான். அந்தத் தாத்தா கேரேஜில் தேடுவது இங்கே தயாரா இருக்கு: உதை இல்லை, குறி இருக்கு.

அதனால் என் கோரிக்கை ஒண்ணுதான். நம்ம காலேஜில் ஒரு 10 மீட்டர் லேன் வேணும். 2016ஆம் ஆண்டு ஆயுத விதிகளின்படி, .177 அளவும் 20 ஜூலுக்கு மேற்படாத ஆற்றலும் உள்ள காற்று ரைபிளுக்கு லைசென்ஸ் தேவையில்லை. பேட்மின்டன் கோர்ட்டின் நீளமே 13.4 மீட்டர். மாலை ஆறு மணிக்கு மேல் ஒரு கோர்ட், பின்னால் குண்டு பிடிக்கும் பெட்டி, கண்ணாடி, பூட்டு போட்ட அலமாரி, ஒரு பயிற்சியாளர் போதும். சுடும்போது கோட்டுக்கு முன்னால் ஒருத்தரும் நிற்கக் கூடாது என்ற விதியை மட்டும் யாரும் தளர்த்தக் கூடாது.

இது யாருக்கு உதவும்? கேம்பில் என் பக்கத்துப் பாயில் படுத்துச் சுட்ட ஜூனியர் பொண்ணுக்கு. வாழ்நாளில் முதல் தடவை ரைபிளைத் தொட்டவ. அஞ்சு ரவுண்டையும் ஒரு ரூபாய் நாணயத்துக்குள்ள போட்டா. எல்லாரும் கை தட்டினோம். ஊருக்கு வந்தப்புறம் "அடுத்து எங்கண்ணா பழகறது?" என்று கேட்டா. என்கிட்ட பதில் இல்லை. இன்னும் ரெண்டு வருஷம் இங்கேதான் படிக்கப்போறா.

ப்ராஜெக்ட் கேட்ட மெக்கானிக்கல் பசங்களே, உங்களுக்கும் வேலை இருக்கு. குண்டு பிடிக்கும் பெட்டியும், இலக்குத் தாளை முன்னும் பின்னும் நகர்த்தும் ரெயிலும் யாராவது டிசைன் பண்ணணும். நீங்க வரைஞ்சு கொடுங்க, கையெழுத்து வாங்குற வேலையை நாங்க பார்த்துக்கறோம்.