டீசல் விமானம் சிக்கனமா? கணக்குப் போட்டுப் பார்ப்போம்

சொந்தமாகச் சின்ன விமானம் வைத்திருப்பவர்கள் நாலு பேர் கூடினால், பேச்சு கடைசியில் எரிபொருள் செலவில்தான் வந்து நிற்கும். அங்கே ஒரு வாதம் தீர்ப்பைப் போலவே சொல்லப்படும்: ஏவ்கேஸ் என்ற விமான பெட்ரோலில் ஓடும் பழைய எஞ்சினைத் தலைமுழுகிவிட்டு, ஜெட் ஏ-1 ஊற்றி ஓட்டும் டீசல் எஞ்சினுக்கு மாறிவிட வேண்டும். எரிபொருள் மலிவு, குடிப்பதும் குறைவு, எஞ்சின் நவீனமானது, ஈயம் கலந்த ஏவ்கேஸுக்கோ எதிர்காலமே இல்லை. நான்கு காரணங்களிலும் கொஞ்சம் உண்மை உண்டு. ஆனால் ஆண்டுக்கு நூறு மணி நேரம் பறக்கும் தனி உரிமையாளருக்கு நான்கும் சேர்ந்தும் லாபம் வராது. இந்த வாதம் பலமாக ஒலிக்கும் ஜெர்மனியையும், உலகில் மிக அதிகமாகத் தயாரிக்கப்பட்ட விமானமான செஸ்னா 172-ஐயும் வைத்தே பார்ப்போம்.

முதல் காரணம்: ஜெட் ஏ-1 மலிவு.

மலிவுதான், விமான நிறுவனங்களுக்கு. ஜெர்மனியில் வணிக விமானச் சேவைக்கு எரிபொருள் வரி கிடையாது. சொந்த விருப்பத்துக்குப் பறப்பவர் அந்தச் சலுகையில் வரமாட்டார். அவர் ஜெட் எரிபொருளுக்கு லிட்டருக்கு 65.45 சென்ட் வரி கட்டுகிறார். ஏவ்கேஸ் என்றால் 72.1 சென்ட். இரண்டுக்கும் வரியில் வித்தியாசம் 7 சென்ட்கூட இல்லை. செய்தித்தாளில் வரும் ஜெட் எரிபொருள் விலையைப் பார்த்துக் கணக்குப் போடுகிறவர் இங்கேதான் சறுக்குகிறார். தவிர, புல்தரை ஓடுபாதையுள்ள சின்ன விமானத்தளங்கள் பலவற்றில் ஜெட் ஏ-1 பம்ப்பே இல்லை. எரிபொருளுக்காகப் பெரிய நிலையத்துக்குப் போனால், பயண நேரமும் தரையிறங்கும் கட்டணமும் மிச்சம் பிடித்ததைத் தின்றுவிடும்.

இரண்டாவது காரணம்: டீசல் குறைவாகக் குடிக்கும்.

இது உண்மை. செஸ்னா 172எஸ்-ல் உள்ள 180 குதிரைத்திறன் லைகாமிங் ஐஓ-360 மணிக்குச் சுமார் 32 லிட்டர் குடிக்கும். அதே விமானத்தில் கான்டினென்டல் சிடி-155 டீசலைப் பொருத்தினால் சுமார் 20 லிட்டர் போதும். ஆனால் இந்த வித்தியாசம் முழுவதும் எஞ்சினின் சாமர்த்தியம் அல்ல. ஜெட் ஏ-1 கனமானது, லிட்டருக்கு 0.8 கிலோ. ஏவ்கேஸ் 0.72 கிலோதான். ஆகவே ஒரு லிட்டரில் அடங்கும் ஆற்றலே பத்து சதவீதம் அளவுக்குக் கூடுதல். டீசல் எஞ்சினின் திறனும் 155 குதிரைத்திறன்தான்.

மிச்சமாகும் பணத்தைப் பார்ப்போம். உதாரணத்துக்கு, ஏவ்கேஸ் லிட்டர் 2.50 யூரோ, ஜெட் ஏ-1 2 யூரோ என்று வைத்துக்கொள்வோம். பெட்ரோலுக்கு மணிக்கு 80 யூரோ, டீசலுக்கு 40. ஆண்டுக்கு 100 மணி பறந்தால் மிச்சம் 4,000 யூரோ. டீசலுக்காகக் கூடுதலாகப் போட்ட முதல் 60,000 யூரோ என்றால், அதை எடுக்க 15 ஆண்டுகள் ஆகும். வட்டியை இதில் சேர்க்கவில்லை. இதே விமானத்தை ஒரு பயிற்சிப் பள்ளி ஆண்டுக்கு 600 மணி பறக்கவிட்டால் இரண்டரை ஆண்டில் முதல் திரும்பிவிடும். எஞ்சினும் எரிபொருளும் மாறவில்லை. மாறியது பறக்கும் மணி மட்டும்.

மூன்றாவது காரணம்: நவீன எஞ்சின், தொந்தரவு இல்லை.

ஒற்றை நெம்புகோல், கணினிக் கட்டுப்பாடு, கார்புரேட்டரில் பனி உறையும் பயம் இல்லை. இதெல்லாம் விமானிக்கு நிம்மதிதான். ஆனால் வரலாற்றையும் பார்க்க வேண்டும். மெர்சிடிஸ் ஏ-கிளாஸ் காரின் டீசல் எஞ்சினை அடிப்படையாக வைத்து ஜெர்மனியின் தீலெர்ட் நிறுவனம் உருவாக்கிய சென்டூரியன் 1.7, 2002-ல் சான்றிதழ் பெற்றது. எஞ்சின் 3,900 சுற்றில் ஓட, புரொப்பெல்லரை 2,300-க்குக் குறைக்க ஒரு கியர்பாக்ஸ் வேண்டும். அதை 300 மணிக்கு ஒருமுறை கழற்றி அனுப்ப வேண்டியிருந்தது. 2008 ஏப்ரலில் நிறுவனம் திவாலானது. உத்தரவாதம் போயிற்று, உதிரி பாகங்களின் செலவு உரிமையாளர் தலையில் விழுந்தது. பின்னர் சீன நிறுவனமான ஏவிக் 2013-ல் அதை வாங்கி, கான்டினென்டல் பெயரில் எஞ்சினை மேம்படுத்தி, ஆயுளை 2,100 மணி வரை நீட்டியது. ஆனால் அது பிரித்துப் பழுதுபார்க்கும் கெடு அல்ல. எஞ்சினையே மாற்றும் கெடு. லைகாமிங்கை 2,000 மணி ஆனதும் ஓவர்ஹால் செய்யலாம். சொந்தப் பயன்பாட்டு விமானம் என்றால், நல்ல நிலையில் இருக்கும்வரை அதைத் தாண்டியும் ஓட்டலாம்.

2007 மார்ச்சில் ஷ்பையர் நகரில் நடந்ததையும் சொல்ல வேண்டும். இரட்டை டீசல் எஞ்சின் கொண்ட டயமண்ட் டிஏ42 ஒன்றின் பேட்டரி இறங்கிப்போயிருந்தது. வெளியிலிருந்து மின்சாரம் கொடுத்து எஞ்சின்களைக் கிளப்பினார்கள். மேலெழுந்து சக்கரங்களை உள்ளே இழுத்ததும் மின்னழுத்தம் சரிந்தது. எஞ்சின் கணினிகள் ஒரு கணம் அணைந்து மீண்டும் தொடங்கின. இரண்டு எஞ்சின்களும் நின்றுவிட்டன. அதன்பின் தனி மாற்று பேட்டரி சேர்க்கப்பட்டது. லைகாமிங்கில் இரண்டு மேக்னெட்டோக்கள் தாமே தீப்பொறியை உண்டாக்குகின்றன. பேட்டரி செத்தாலும் தீப்பொறி நிற்காது.

நான்காவது காரணம்: ஏவ்கேஸ் மறையப்போகிறது.

மறையப்போவது ஈயம்தான், பெட்ரோல் எஞ்சின் அல்ல. ஐரோப்பாவில் ஏற்கெனவே யுஎல்91 என்ற ஈயமற்ற விமான பெட்ரோல் விற்கப்படுகிறது. பல லைகாமிங் எஞ்சின்களுக்கு அதுவே போதும். அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகம் 2022-ல் ஜி100யுஎல் எரிபொருளை ஸ்பார்க் பிளக் கொண்ட எல்லா விமான எஞ்சின்களுக்கும் அனுமதித்தது. அது பெயின்டையும் டேங்க் சீலன்ட்டையும் பாதிக்கிறதா என்ற சண்டை நடக்கிறது. அது தீர வேண்டிய சண்டைதான். அதற்காக எஞ்சினையே மாற்றிக்கொள்ள வேண்டிய அவசரம் இல்லை. சந்தையும் இதையே சொல்கிறது: சிடி-155 பொருத்திய செஸ்னா 172 ஜேடி-ஏ 2017-ல் சான்றிதழ் பெற்றது, அடுத்த ஆண்டே செஸ்னா அதைக் கைவிட்டது.

அப்படியானால் டீசல் வீணா? இல்லை. ஏவ்கேஸ் கிடைக்காத, கிடைத்தாலும் கொள்ளை விலையாக இருக்கிற நாடுகளில் அதுவே சரியான தேர்வு. இந்தியாவே 2022-ல் இந்தியன் ஆயில் வடோதராவில் உற்பத்தி தொடங்கும்வரை ஏவ்கேஸை இறக்குமதிதான் செய்துவந்தது. ஃபுர்சத்கஞ்சில் உள்ள அரசுப் பறத்தல் அகாடமி டிஏ42 வைத்திருப்பதற்கு நியாயம் உண்டு. அங்கே விமானங்கள் ஓய்வெடுப்பதில்லை.

தனி ஆளுக்கு எரிபொருள் செலவுதான் கவலை என்றால் வழி வேறு. நூறு குதிரைத்திறன் ரோட்டாக்ஸ் 912 பொருத்திய இரண்டு இருக்கை விமானம் மணிக்கு இருபது லிட்டருக்குள் முடித்துக்கொள்ளும். கார் பெட்ரோலிலேயே ஓடும். ஆனால் ரோட்டாக்ஸ் ஏற்பது 10 சதவீத எத்தனால் வரைதான். இந்திய பங்க்குகளில் இப்போது கிடைக்கும் 20 சதவீதக் கலவை அதற்கு ஆகாது.

ஆகவே எஞ்சின் தேர்ந்தெடுப்பவர் லிட்டர் விலைக்கு முன்னால் இரண்டு விஷயங்களைக் கேட்டுக்கொள்ளட்டும்: ஆண்டுக்கு எத்தனை மணி நேரம் பறப்பேன்? என் விமானத்தளத்தில் உள்ள பம்ப்பில் எது கிடைக்கும்? முதல் கேள்விக்கு விடை முந்நூறுக்குக் கீழே என்றால், பழைய லைகாமிங்கை நன்றாகப் பராமரிப்பதே சிக்கனம்.