கார் ஸ்பீக்கர் ஏன் எரிகிறது? பெரிய ஆம்ப் மேல் பழி போடாதீங்க!

'புதுசா ஆம்ப் மாட்டினேன், ரெண்டே மாசத்துல டோர் ஸ்பீக்கர் போயிடுச்சு.' கார் வைத்திருக்கும் நண்பர்களில் இப்படிப் புலம்பும் ஒருவராவது இருப்பார். கடையில் போய்க் கேட்டால், 'ஆம்ப் பவர் ஜாஸ்தி சார், ஸ்பீக்கர் தாங்கல' என்பார்கள். இல்லையென்றால், 'நீங்க சவுண்டு ஓவரா வச்சிருப்பீங்க' என்பார்கள். எந்தப் பதில் வந்தாலும் கடைசியில் வருவது ஒரே யோசனைதான்: இன்னும் பெரிய ஸ்பீக்கர் வாங்குங்க!

ஆனால், பல ஸ்பீக்கர்கள் எரிவதற்குக் காரணம் வாங்கிய பொருள் அல்ல, அதை செட் பண்ணிய விதம். மாட்டுவதற்குக் கூலி வாங்கும் கடை, செட்டிங்கையும் அளந்து காட்ட வேண்டும். அதைக் கேட்டு வாங்குவது நம் உரிமை. ஏன்? பார்ப்போம்.

டப்பா மேல் இருக்கும் வாட்ஸ் நிஜமா?

கார் ஸ்டீரியோ டப்பாக்களில் '50 வாட்ஸ் × 4' என்று பெரிதாகப் போட்டிருக்கும். ஒரு சின்ன கணக்குப் போடலாம். இன்ஜின் ஓடும்போது பேட்டரி லைனில் சுமார் 14.4 வோல்ட் இருக்கும். தனி ஆம்ப் இல்லாத சாதாரண ஸ்டீரியோ, இதை வைத்துத்தான் ஸ்பீக்கரை இயக்க வேண்டும். இந்த வோல்ட்டேஜில் ஒரு 4 ஓம் ஸ்பீக்கருக்குச் சிதைவில்லாமல் தரக்கூடிய பவர், எந்த இழப்புமே இல்லை என்று வைத்துக்கொண்டாலும் 26 வாட்ஸைத் தாண்டாது. நடைமுறையில் 20 வாட்ஸ் பக்கம் வந்தாலே பெரிய விஷயம்.

அப்போ அந்த 50 எங்கிருந்து வந்தது? ஒலி அலையின் உச்சி வெட்டுப்பட்டு, முழுச் சதுரமாகும் அளவுக்கு முறுக்கினால், அதே 14.4 வோல்ட்டில் சுமார் 52 வாட்ஸ் கிடைக்கும். அதாவது, டப்பா மேல் இருப்பது பாட்டு கேட்பதற்கான பவர் இல்லை. ஸ்பீக்கரைச் சூடாக்குகிற பவர்!

நாம் பார்க்க வேண்டியது 'ஆர்எம்எஸ்' என்று போட்டிருக்கும் எண்ணை. ஆம்ப் தொடர்ந்து தரக்கூடிய, ஸ்பீக்கர் தொடர்ந்து தாங்கக்கூடிய பவர் அதுதான். அமெரிக்க எலக்ட்ரானிக்ஸ் துறை 2003-ல் சிஇஏ-2006 என்ற அளவுமுறையைக் கொண்டுவந்தது. இப்போது அதன் பெயர் சிடிஏ-2006. 14.4 வோல்ட்டில், 4 ஓம் லோடில், சிதைவு 1 சதவீதத்தைத் தாண்டாமல் ஆம்ப் எவ்வளவு பவர் தருகிறது என்று அளப்பது இதன் முறை. இந்தக் குறிப்பு இருக்கும் ஆம்பின் வாட்ஸை ஓரளவு நம்பலாம்.

கிளிப்பிங் என்ன செய்யும்?

ஆம்பால் தர முடிவதைவிட அதிகமாகக் கேட்டால் அலையின் உச்சி தட்டையாக வெட்டுப்படும். இதுதான் கிளிப்பிங். அலையின் உயரம் அதற்குமேல் கூடாது, ஆனால் சராசரி பவர் ஏறிக்கொண்டே போகும். முழுச் சதுரமாகிவிட்டால் கிட்டத்தட்ட 2 மடங்கு. 60 வாட்ஸ் ஆம்ப், 120 வாட்ஸ் பக்கம் தள்ளும். 60 வாட்ஸ் தாங்கும் ஸ்பீக்கர் பாவம், என்ன செய்யும்?

ஸ்பீக்கருக்குப் போகும் பவரில் பெரும்பகுதி ஒலியாக மாறுவதில்லை, காயிலில் சூடாகத்தான் மாறுகிறது. சூடு எல்லை தாண்டினால் காயில் கம்பியின் மேல்பூச்சும் பசையும் கருகும். வெட்டுப்பட்ட அலையில் புதிதாக உயர் ஃப்ரீக்வென்சிகளும் சேர்வதால் ட்வீட்டருக்கும் ஆபத்து.

'சின்ன ஆம்ப் வச்சாதான் ஸ்பீக்கர் எரியும்' என்று சிலர் சொல்வதும் பாதி உண்மைதான். சின்ன ஆம்பில் அளவாகக் கேட்டால் ஒன்றும் ஆகாது. பத்தவில்லை என்று முறுக்கும்போதுதான் சிக்கல். பெரிய ஆம்பை அளவாக செட் பண்ணினால் அதுவே பாதுகாப்பு.

கெயின் என்பது வால்யூம் இல்லை

ஆம்பில் 'கெயின்' என்று ஒரு திருகு இருக்கும். ஸ்டீரியோவிலிருந்து வரும் சிக்னல் 2 வோல்ட்டா, 4 வோல்ட்டா என்பதற்கு ஏற்ப ஆம்பைப் பொருத்துவதுதான் இதன் வேலை. சவுண்டு கூட்ட இல்லை. இதை முழுக்கத் திறந்துவிட்டால், வால்யூம் பாதியைத் தொடும் முன்பே கிளிப்பிங் ஆரம்பித்துவிடலாம்.

அளந்து வைக்கும் முறை இதுதான்:

1. ஆம்பிலிருந்து ஸ்பீக்கர் வயர்களைக் கழற்றுங்கள். கெயினை அடிமட்டத்துக்குக் கொண்டுவாருங்கள். பாஸ், ட்ரெபிள், லவுட்னெஸ், பாஸ் பூஸ்ட், ஃபில்டர் எல்லாவற்றையும் ஆஃப் செய்யுங்கள்.

2. ஆம்ப், ஸ்பீக்கர் இரண்டில் எதன் ஆர்எம்எஸ் குறைவோ, அதை ஓம் எண்ணால் பெருக்கி வர்க்கமூலம் எடுங்கள். 75 வாட்ஸ், 4 ஓம் என்றால் 300-ன் வர்க்கமூலம், அதாவது சுமார் 17.3 வோல்ட்.

3. இன்ஜின் ஓடட்டும். ஸ்டீரியோ வால்யூமை முக்கால் அளவில் வைத்து, 0 டெசிபலில் பதிவான 50 ஹெர்ட்ஸ் டெஸ்ட் டோனை ஓடவிடுங்கள். வீட்டுக் கரண்ட்டும் 50 ஹெர்ட்ஸ்தான் என்பதால் சாதாரண மல்டிமீட்டரே இதைச் சரியாகக் காட்டும்.

4. மீட்டரை ஏசி வோல்ட்டில் வைத்து ஆம்ப் அவுட்புட்டில் பிடியுங்கள். 17.3 வரும்வரை கெயினை மெல்லத் திருப்புங்கள். அங்கே நிறுத்திவிடுங்கள்.

மீட்டர் வோல்ட்டேஜை மட்டும்தான் காட்டும். கடையில் ஆசிலோஸ்கோப் இருந்தால் இன்னும் நல்லது, அலை வெட்டுப்படுவது கண்ணுக்கே தெரியும்.

ஸ்பீக்கரை மாட்டிய பிறகு ஃபில்டரை ஆன் செய்ய மறக்காதீர்கள். சப்-ஊஃபர் இருந்தால், டோர் ஸ்பீக்கருக்கு ஹை-பாஸ் ஃபில்டரை 80 ஹெர்ட்ஸ் அளவில் வைக்கலாம். ஆழமான பாஸை ஊஃபர் பார்த்துக்கொள்ளும். பாஸ் பூஸ்ட் பக்கமே போகாதீர்கள். 12 டெசிபல் பூஸ்ட் என்றால், அந்த ஃப்ரீக்வென்சியில் ஆம்பிடம் சுமார் 16 மடங்கு பவர் கேட்கிறீர்கள் என்று அர்த்தம்.

கடைக்காரரிடம் என்ன கேட்பது?

சென்னை ஜி.பி. ரோடாக இருக்கட்டும், உங்கள் ஊர் ஆக்சஸரி கடையாக இருக்கட்டும், 'கஸ்டமருக்குச் சவுண்டுதான் வேணும், இதுக்கெல்லாம் ஏது நேரம்' என்ற பதில் வரலாம். அவர்கள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. மாட்டியதும் நாமே 'இன்னும் கொஞ்சம் ஏத்துங்க' என்றுதான் சொல்கிறோம். ஆனால், காயில் கருகினால் பொதுவாக வாரண்டி கிடைக்காது. டாக்ஸி, வேன் ஓட்டி, மாசா மாசம் மிச்சம் பிடித்து செட் மாட்டுகிறவருக்கு அந்த நஷ்டம் சின்னது இல்லை.

அதனால் பணம் கொடுக்கும் முன் மூன்று கேள்விகள் கேளுங்கள். ஆம்புக்கும் ஸ்பீக்கருக்கும் ஆர்எம்எஸ் எவ்வளவு? கெயினை எத்தனை வோல்ட்டில் வைத்தீர்கள்? ஃபில்டர் எத்தனை ஹெர்ட்ஸ்? பதிலைப் பில்லின் பின்பக்கம் எழுதித் தரச் சொல்லுங்கள். 'காதால கேட்டே வச்சுட்டேன் சார்' என்று பதில் வந்தால், மீட்டரை எடுத்து உங்கள் முன்னாலேயே ஒருமுறை அளக்கச் சொல்லுங்கள். அரை மணி நேர வேலைதான்.