ஹனோயில் மூன்று நாட்கள்: காவுதடியும் கஞ்சியும்

வியட்நாம் என்ற பெயரைக் கேட்டதும் எங்களில் பலருக்கும் முதலில் நினைவுக்கு வருவது யுத்தம்தான். அந்த யுத்தம் 1975 ஏப்ரல் 30ஆம் திகதி முடிவுக்கு வந்தது. ஐம்பது வருடங்கள் கடந்துவிட்டன. இத்தனை வருடங்களின் பின் அங்குள்ள பெண்கள் எப்படி வாழ்கிறார்கள், இழந்தவர்களை எப்படி நினைவுகூருகிறார்கள் என்று பார்க்கவேண்டும் என்ற ஆசை எனக்கு நெடுநாளாக இருந்தது. சமூகப் பணியாளர்களுக்கான பயிற்சிப்பட்டறை ஒன்றுக்காகத் தலைநகர் ஹனோய்க்குச் செல்லும் வாய்ப்பு ஓர் ஆகஸ்ட் மாதத்தில் கிடைத்தது. பட்டறை முடிந்தபின் ஊர் பார்ப்பதற்கு மூன்று நாட்கள் இருந்தன. அந்த நாட்களில் கண்டதையும் கேட்டதையும் இம்மாதம் உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

ஹனோய் 1010ஆம் ஆண்டில் தலைநகராக்கப்பட்ட பழைய நகரம். செந்நதி அதனருகே ஓடுகிறது. நகரின் நடுவில் ஹோவான் கியெம் என்றொரு ஏரி. 15ஆம் நூற்றாண்டில் சீனப் படைகளை விரட்டிய லெ லொய் மன்னன், தனக்குக் கிடைத்த தெய்வீக வாளை யுத்தம் முடிந்ததும் இந்த ஏரியில் வாழ்ந்த ஆமையிடம் திருப்பிக் கொடுத்தான் என்பது ஐதீகம். 'திருப்பிக் கொடுத்த வாள்' என்பதே ஏரியின் பெயருக்குப் பொருள். விடிய ஐந்து மணிக்கே வயதான பெண்கள் அங்கு கூட்டமாக நின்று உடற்பயிற்சி செய்கிறார்கள். எங்கள் ஊர்களில் அம்மம்மாமார் இப்படி வீதியில் நின்று கைகால் அசைத்தால் யார் என்ன சொல்வார்களோ என்று நினைத்துக்கொண்டேன்.

ஏரிக்கு வடக்கே பழைய கடைத்தெருக்கள் இருக்கின்றன. ஒவ்வொரு தொழிலுக்கும் ஒரு தெரு. வெள்ளி வேலைக்கு ஒன்று, பட்டுக்கு ஒன்று, கடதாசிப் பொருட்களுக்கு ஒன்று. வீதியைக் கடப்பதுதான் பெரும்பாடு. மோட்டார் சைக்கிள்கள் ஆறு போல வந்துகொண்டேயிருக்கும். நான் தங்கிய சிறிய விடுதியின் சொந்தக்காரியின் மகள் பல்கலைக்கழக மாணவி. ஆங்கிலம் நன்றாகப் பேசுவாள். "ஓடவேண்டாம், நிற்கவும் வேண்டாம், மெதுவாக நடந்துகொண்டே இருங்கள் அக்கா" என்று சொல்லித்தந்தவள் அவள்தான். வியட்நாமியரும் எங்களைப் போல முன்பின் தெரியாதவரையும் அக்கா, தங்கச்சி, மாமி என்று முறை சொல்லித்தான் அழைக்கிறார்கள். அந்த ஒன்றிலேயே எனக்கு அந்நியம் பாதி போய்விட்டது.

முதல்நாள் பின்னேரம் 1070இல் கட்டப்பட்ட இலக்கியக் கோயிலுக்குப் போனேன். அங்கே கல் ஆமைகளின் முதுகில் 82 கல்வெட்டுகள் நிற்கின்றன. 1442 முதல் 1779 வரை அரச பரீட்சையில் சித்தியடைந்த 1,300க்கு மேற்பட்டவர்களின் பெயர்கள் அவற்றில் பொறிக்கப்பட்டுள்ளன. எல்லாரும் ஆண்கள். பெண்கள் அந்தப் பரீட்சைக்குத் தோற்ற அனுமதி இருக்கவில்லை. கல்லிலே பெயர் வெட்டுவதற்கும் ஒரு பால்நிலை இருந்திருக்கிறது.

அடுத்தநாள் காலை வியட்நாம் பெண்கள் நூதனசாலை. 1930இல் தொடங்கப்பட்ட வியட்நாம் பெண்கள் ஒன்றியம் இதை நடத்துகிறது. 1995இல் திறந்தார்கள். கலியாணம், பிள்ளைப்பேறு, நெல் வயல், சமையல் என்று குடும்பத்துப் பெண்ணுக்கு ஒரு பகுதி. வரலாற்றுப் பெண்ணுக்கு இன்னொரு பகுதி. ஆயுதம் ஏந்தியவர்களும், சிறையிலிருந்தவர்களும், சமாதான மேசையில் இருந்தவர்களும் இந்த இரண்டாவது பகுதியில் இருக்கிறார்கள். 1973 ஜனவரி 27இல் பாரிஸ் சமாதான உடன்படிக்கையில் கையொப்பமிட்டவர்களுள் ஒரேயொரு பெண் நுயென் தி பின். பின்னாளில் அவர் நாட்டின் உப ஜனாதிபதியாகவும் இருந்தார்.

என்னை அதிக நேரம் நிற்க வைத்தது தெருவோர வியாபாரப் பெண்களுக்கென ஒதுக்கிய இடம். காவுதடியும் இரு பக்கக் கூடைகளும் அங்கே காட்சிக்கு இருக்கின்றன. கிராமங்களிலிருந்து வந்து, ஓர் அறையில் பலராகப் படுத்தெழும்பி, விடியுமுன் சந்தையில் பழமும் மரக்கறியும் வாங்கி, நாள் முழுதும் நடந்து விற்று, பிள்ளைகளின் படிப்புக்குக் காசு அனுப்பும் பெண்களின் கதை அது. துவக்குத் தூக்கிய பெண்ணைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைப்பது பல நாடுகளிலும் உண்டு. கூடை சுமந்த பெண்ணையும் அதே கட்டடத்துக்குள் வைத்தது எனக்குப் பிடித்திருந்தது.

அங்கே 'வீரத்தாய்'மாரின் படங்களும் உள்ளன. யுத்தத்தில் பிள்ளைகளைப் பறிகொடுத்த தாய்மாருக்கென 1994இல் அரசு உருவாக்கிய கௌரவப் பட்டம் இது. குவாங் நாம் மாகாணத்தைச் சேர்ந்த நுயென் தி து என்ற தாய் ஒன்பது ஆண்பிள்ளைகளை இழந்தவர். 2010இல் தனது 106ஆவது வயதில் காலமானார். சுருக்கம் விழுந்த அந்த முகங்களைப் பார்த்துக்கொண்டு நின்றபோது ஒரு கேள்வி வந்தது. யுத்தத்தில் தோற்ற தென் வியட்நாம் படையிலும் இலட்சக்கணக்கான பிள்ளைகள் இறந்தார்கள். அவர்களின் தாய்மார் எங்கே? அவர்களுக்கு இந்தப் பட்டம் இல்லை, சுவரிலே படமும் இல்லை.

பின்னேரம் காம் தியென் தெருவுக்குப் போனேன். 1972 டிசம்பர் 26ஆம் திகதி இரவு அமெரிக்க பி-52 விமானங்கள் இந்தக் குடியிருப்புத் தெருவில் குண்டு போட்டதில் ஏறத்தாழ 280 பேர் கொல்லப்பட்டனர். வீடுகள் அழிந்த இடத்தில் ஒரு சிறிய நினைவிடம். இறந்த குழந்தையைக் கையில் ஏந்தியபடி ஒரு பெண் சிலையாக நிற்கிறாள். பக்கத்தில் கடைகள், வாகனங்கள், பள்ளிக்கூடம் விட்டு வரும் பிள்ளைகள். சிலையின் காலடியில் ஊதுபத்தி புகைந்துகொண்டிருந்தது. இவ்வளவு சிறிய இடமாக இருந்தாலும், வந்து அழுவதற்கென்று ஓர் இடம் அந்தத் தெருவுக்கு இருக்கிறதே என்று எனக்குப் பட்டது.

மூன்றாம் நாள் விடுதிக்காரியின் மகளும் என்னோடு வந்தாள். செந்நதிக்குக் குறுக்கேயுள்ள லோங் பியென் பாலத்துக்கு விடியவே போனோம். 1902இல் பிரெஞ்சுக்காரர் திறந்த பாலம். 1967இலும் 1972இலும் திரும்பத் திரும்பக் குண்டு விழுந்தது. பழைய வளைவுகள் சில இடங்களில் அப்படியே நிற்க, குண்டு விழுந்த இடங்களில் சாதாரண இரும்புச் சட்டங்களைப் பொருத்தியிருக்கிறார்கள். காயம் பட்ட இடம் எதுவென்று தூரத்திலிருந்தே தெரிகிறது. ஆனாலும் புகையிரதம் ஓடுகிறது, சனங்கள் போய் வருகிறார்கள்.

பாலத்தடியில் மொத்த வியாபாரப் பழச் சந்தை. அங்கே லொங்கான் பழம் வாங்கிக் கூடையில் அடுக்கிக்கொண்டிருந்த ஒரு பெண்ணோடு பேசினோம். லொங்கான், எங்கள் றம்புட்டானின் இனத்துப் பழம். அவருக்கு நாற்பது வயதிருக்கும். மாதத்தில் இரண்டு தடவை ஊருக்குப் போய்வருவாராம். பல வீதிகளில் தெருவோர வியாபாரத்துக்கு 2008இல் நகர நிர்வாகம் தடை விதித்தது. "பொலிஸ் வந்தால் தூக்கிக்கொண்டு ஓடவேண்டியதுதான்" என்று சொல்லிச் சிரித்தார். நூதனசாலையில் காவுதடி வைத்திருக்கிறார்கள் என்று சொன்னேன். அவர் அங்கு போனதில்லை. "இதைப் பார்க்கவா காசு கொடுத்துப் போகிறீர்கள்?" என்று கேட்டார். பிறகு கொஞ்சம் யோசித்து, "என் மகளைக் கூட்டிப்போய்க் காட்டவேண்டும்" என்றார்.

அன்று மாலை விடுதிக்குத் திரும்பியபோது வாசலில் ஒரு சிறிய மேசை போட்டிருந்தது. அவர்களுடைய ஏழாவது சந்திர மாதம் அது. அந்த மாதத்தின் பூரணை வரையில், வீட்டு முன்னோருக்குப் படைப்பதோடு, வீடும் உறவும் இல்லாமல் அலையும் ஆவிகளுக்கும் வாசலில் வைத்துப் படைப்பார்கள். சிறு கோப்பைகளில் தண்ணீர்க் கஞ்சி, அவித்த வற்றாளை, சோளப்பொரி, உப்பு, அரிசி, கடதாசியில் செய்த உடுப்புகள். கடதாசித் தெருவில் நான் பார்த்தவை இந்த உடுப்புகள்தான். யுத்தத்தில் இறந்து இன்றுவரை உடல் கண்டெடுக்கப்படாத, அல்லது அடையாளம் காணப்படாத இலட்சக்கணக்கானவர்கள் அந்த நாட்டில் உண்டு.

"இது யாருக்கு?" என்று கேட்டேன். மகள் தாயிடம் கேட்டுச் சொன்னாள்: "யாருமில்லாதவர்களுக்கு."

"எந்தப் பக்கத்தில் நின்று இறந்தவர்களுக்கு?"

அதையும் அவள் தாயிடம் கேட்டாள். தாய் உடுப்புகளை எரித்துக்கொண்டே பதில் சொன்னார். "பசித்து வருகிறவர்களிடம் அதைக் கேட்பதில்லையாம் அக்கா."

தோழியரே, கஞ்சியின் அர்த்தம் உங்களுக்கு நான் சொல்லித் தெரியவேண்டியதில்லை. 2009இல் முள்ளிவாய்க்காலில் உப்புமில்லாமல் அதைக் குடித்தவர்கள் உங்களில் இருக்கிறீர்கள். 2024 மே மாதத்தில் சம்பூரில் நினைவுக்கஞ்சி காய்ச்சியதற்காகப் பெண்கள் கைதுசெய்யப்பட்டதையும் மறந்திருக்கமாட்டீர்கள். காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளைக்காக வீதியோரம் குந்தியிருக்கும் தாய், 1990இல் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் தாய், சீருடையோடு போன மகனின் உடலைக்கூடக் காணாத சிங்களத் தாய் என எல்லாரும் இந்த நாட்டில்தான் இருக்கிறோம். இறந்தவருக்காக அழும் உரிமை வென்றவருக்கு ஓரளவும் தோற்றவருக்கு ஓரளவும் என்று பிரிக்கப்படக்கூடாது. ஐம்பது வருடங்களாகியும் வியட்நாம் அரசு அந்தப் பிரிவை நீக்கவில்லை. ஆனால் வாசலில் மேசை போடும் பெண்கள் அதைப் பார்ப்பதில்லை.

எங்களுக்கென ஒரு நூதனசாலை எப்போது வருமோ தெரியாது. அதுவரை நாங்கள் செய்யக்கூடியது ஒன்றுண்டு. இடம்பெயர்ந்தபோது தூக்கிவந்த சருவச்சட்டி, முகாமில் தந்த நிவாரண அட்டை, பிள்ளையின் பள்ளிக்கூட அறிக்கை, முதல் கைத்தொழில் கடனின் துண்டு: இவற்றைக் குப்பை என்று எறிந்துவிடாதீர்கள். ஒரு கொப்பியில் திகதியும் ஊரும் போட்டு, எது யாருடையது, எப்படி உங்களிடம் வந்தது என்று எழுதி வையுங்கள். எழுதக் கடினமாக இருந்தால் பிள்ளைகளைக்கொண்டு எழுதுவியுங்கள். உங்கள் பெண்கள் குழு அடுத்தமுறை கூடும்போது ஆளுக்கொரு பொருளைக் கொண்டுவந்து அதைப் பற்றிப் பேசிப் பாருங்கள். நீங்கள் சுமந்ததும் இந்த நாட்டின் வரலாறுதான்.